ஒன்பது வயதுப் பாடம்

கல்வியைப் பற்றிப் பேசும்போது நம்மவர் பெரும்பாலும் சர்வகலாசாலைகளைப் பற்றியே பேசுவது வழக்கம். பட்டமளிப்பு விழாப் பிரசங்கங்கள் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக வெளிவருகின்றன. மூன்றாம் வகுப்பிலே உட்கார்ந்திருக்கும் சிறுவன் இந்த மாதம் என்ன கற்கிறான் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு தேசம் தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டிய இடம் அந்த மூன்றாம் வகுப்பேயாகும். வயது வந்தோரிடம் தேசம் வாதம் புரிகிறது. குழந்தையிடம் கதை சொல்லுகிறது. வாதத்தில் மறைத்துக்கொள்ளக்கூடிய பல விஷயங்கள் கதையில் வெளிப்பட்டுவிடும்.

இதற்கு ஓர் உதாரணமாக ஆஸ்திரேலியாவின் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலைகளை எடுத்துக்கொள்வோம். அத்தேசத்தில் பள்ளி ஆண்டு ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி ஆரம்பத்திலோ தொடங்கி டிசம்பரில் முடிவுறுகிறது. ஆண்டு நான்கு பருவங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பருவம் ஏறக்குறையப் பத்து வாரம். பருவத்தின் தொடக்கத்தில் வகுப்பு ஆசிரியர் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்புவது வழக்கம். இந்தப் பத்து வாரத்தில் உங்கள் குழந்தை இன்னின்ன பாடங்களைக் கற்கும். இன்ன நாளில் தேகப்பயிற்சி, இன்ன நாளில் நூல்நிலையம். வீட்டிலே இரவுதோறும் சிறிது நேரம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்பதே அதன் சாரம். மூன்றாம், நான்காம் வகுப்புகளை ஆரம்பக் கல்வியின் நடுப்பகுதி என்பது அங்குள்ள வழக்கு. எட்டு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள் அவற்றில் பயில்கின்றனர். சிறு பாடசாலைகளில் இரண்டு வகுப்பினரும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்பதும் உண்டு.

பார்வைக்கு இது ஒரு சாதாரணக் கடிதந்தான். ஆனால் அதிலே சமயம் என்ற தலைப்பின் கீழ் ஒரு பாடமும், சரித்திரம் என்ற தலைப்பின் கீழ் மற்றொரு பாடமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படிப்பவனுக்கு, ஒரு தேசத்தின் மனச்சாட்சி படும் பாடு தெரியவரும். அதை எடுத்துச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மானியம் வந்த வரலாறு

முதலில், இப்பாடசாலைகள் எவ்வாறு எழுந்தன என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். 1872-ஆம் ஆண்டில் விக்டோரியாவும், 1880-இல் நியூ சவுத் வேல்ஸும் மதச்சார்பற்ற சர்க்கார் கல்விக்குச் சட்டம் செய்தன. மதப் பாடசாலைகளுக்கு அதுவரை அளிக்கப்பட்டுவந்த மானியம் நின்றுபோயிற்று. அந்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த எளிய ஜனங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் தம் தாய்நாடு பட்ட துன்பத்தை அவர்கள் மறந்தவர்களல்லர். சர்க்கார் பள்ளிக்குக் குழந்தையை அனுப்பினால் அது நம்மவனாகத் திரும்பி வராது என்று அஞ்சி, கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்துத் தாங்களே பாடசாலைகளைக் கட்டினார்கள். கன்னியாஸ்திரிகள் சம்பளமின்றிப் பாடம் சொன்னார்கள். இவ்வகையில் முன்னின்றவர் மேரி மக்கில்லப் அம்மையார். 1866-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பெனோலா என்ற சிற்றூரிலே, பழைய குதிரை லாயம் ஒன்றைச் செப்பனிட்டு அவர் பள்ளி நடத்தினார். ஏழைக் குழந்தைகளுக்காக ஜூலியன் டெனிசன் உட்ஸ் என்ற குருவுடன் சேர்ந்து ஒரு கன்னியர் சபையையும் நிறுவினார். 1871-இல் அவருடைய பிஷப்பே அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார். அடுத்த ஆண்டே அத்தண்டனை நீக்கப்பட்டது. 2010-இல் அதே திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தது. ஆஸ்திரேலியருள் அப்பதவி பெற்ற முதல்வர் அவரே.

மானியப் போராட்டம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கோல்பர்ன் நகரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குக் கூடுதல் கழிப்பறைகள் கட்ட வேண்டுமென்று சுகாதார அதிகாரிகள் உத்தரவிட்டனர். பணம் இல்லை. 1962 ஜூலையில் பெற்றோர் கூடி, ஊரிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் யாவற்றையும் மூடிவிட்டு, சுமார் 2000 குழந்தைகளைச் சர்க்கார் பள்ளிகளின் வாயிலிலே கொண்டுபோய் நிறுத்துவதென்று தீர்மானித்தனர். அப்பள்ளிகளில் இடம் கிடைத்தது 640 பேருக்கு மட்டுமே. ஒரு வாரத்தில் மறியல் முடிந்தது. ஆனால், தேசம் விஷயத்தைப் புரிந்துகொண்டது. மறு ஆண்டுத் தேர்தலில் பிரதமர் மென்ஸீஸ், எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் விஞ்ஞானக் கூடங்கள் கட்டப் பணம் அளிப்பதாக வாக்களித்தார். 1973-க்குப் பின் மானியம் நிலையான ஏற்பாடாயிற்று. 1981-இல் உயர்நீதிமன்றமும் அது அரசியல் சட்டத்துக்கு மாறானதன்று எனத் தீர்ப்பளித்தது.

இன்று அத்தேசத்து மாணவருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் கத்தோலிக்கப் பள்ளிகளில் பயில்கின்றனர். அப்பள்ளிகளின் வருமானத்தில் முக்காற்பங்கு அளவு சர்க்காரிடமிருந்தே வருகிறது. கன்னியாஸ்திரிகள் நின்ற இடத்தில் இன்று சம்பளம் பெறும் பொதுநிலை ஆசிரியர்கள் நிற்கின்றனர். வேறு மதத்தாரின் குழந்தைகளும் அவ்வகுப்புகளில் இருக்கின்றனர். பொதுப்பணம் பெறும் பள்ளி பொதுப் பாடத்திட்டத்தை நடத்தியாக வேண்டும். ஆதலால், அந்தப் பருவக் கடிதம் இரண்டு எஜமானர்களுக்கு விடை சொல்லுகிறது. சமயப் பாடத்தை மேற்றிராணியார் அமைக்கிறார். மற்றப் பாடங்களைத் தேசம் அமைக்கிறது.

எழுத்தும் எண்ணும்

தேசம் அமைத்த பாடங்களில் முதலில் நிற்பவை எழுத்தும் எண்ணும். 2022-இல் வெளியிடப்பட்ட தேசியப் பாடத்திட்டத்தின்படி, மூன்றாம் வகுப்புக் குழந்தை 3, 4, 5, 10 ஆகிய வாய்பாடுகளைத் தடையின்றிச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பு முடிவதற்குள் பத்துப் பத்து வரை எல்லாப் பெருக்கல்களும், அவற்றுக்கு நேரான வகுத்தல்களும் கைவர வேண்டும். தசமங்கள் இங்கேதான் அறிமுகமாகின்றன. விஞ்ஞானத்தில் மூன்றாம் வகுப்பினர் மண்ணையும் பாறையையும், உஷ்ணத்தையும், உயிர்களின் வளர்ச்சிப் படிகளையும், திடமும் திரவமும் ஒன்று மற்றொன்றாக மாறுவதையும் கற்கின்றனர். நான்காம் வகுப்பினர் மழைநீர் கடலுக்குச் சென்று மேகமாகித் திரும்புவதையும், உராய்வு, புவியீர்ப்பு, காந்தம் என்னும் விசைகளையும், ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்டு வாழும் சங்கிலியையும் கற்கின்றனர்.

இவ்வயதுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இரண்டாம் வகுப்பு வரை குழந்தை படிக்கக் கற்கிறது; மூன்றாம் வகுப்பு முதல் கற்பதற்காகப் படிக்கிறது. இந்தத் திருப்பத்தில் படிப்பு வராமல் பின்தங்கிய குழந்தைக்கு, கணக்கும் விஞ்ஞானமும் சரித்திரமும் ஒருங்கே அடைபட்டுவிடும். ஆகவேதான் 2008 முதல் தேசமெங்கும் மூன்றாம் வகுப்பிலேயே வாசிப்பு, எழுத்து, மொழி மரபு, கணக்கு ஆகியவற்றில் பொதுப்பரீட்சை ஒன்று நடைபெற்றுவருகிறது. முன்னர் மே மாதத்தில் நடந்த அப்பரீட்சை 2023 முதல் மார்ச்சுக்கு மாற்றப்பட்டது. முதற் பருவக் கடிதத்தில் அதைப் பற்றிய செய்தி தவறாமல் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றி அங்கே நெடுங்காலமாக விவாதம் உண்டு. படத்தையும் வாக்கியப் போக்கையும் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழக்கலாம் என்பது ஒரு கட்சி. எழுத்தையும் ஒலியையும் முறையாகப் பொருத்தி, படிப்படியாகத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. 2020-ஐ அடுத்த ஆண்டுகளில், கான்பெரா–கோல்பர்ன் மேற்றிராசனத்துக் கத்தோலிக்கப் பள்ளிகள் யாவும் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்ந்தன. கழிப்பறைக்குப் பணமின்றிப் பள்ளிகளை மூடிய அதே கோல்பர்ன், அறுபது ஆண்டுகளுக்குள் பிறர் வந்து பார்த்துக் கற்கும் முறையைக் கைக்கொண்ட மேற்றிராசனத்தின் பகுதியாயிற்று.

எழுத்தும் எண்ணும் இவ்வளவு. இனி, நாம் குறித்த இரண்டு பாடங்களுக்கு வருவோம்.

பாவசங்கீர்த்தனம்

சமயப் பாடம் திருச்சபையின் ஆண்டோடு ஒட்டி நடக்கிறது. முதற் பருவத்தில் சாம்பற் புதனும் தபசுக்காலமும் வருகின்றன. அந்நாட்களில் குழந்தைகளின் கையில் ஒரு சிறு அட்டைப்பெட்டி கொடுக்கப்படுகிறது; ஏழை நாடுகளின் உதவிக்காகக் காரித்தாஸ் ஸ்தாபனம் நடத்தும் நிதிக்கு அவர்கள் அதில் காசு சேர்க்கிறார்கள். மூன்றாம் பருவத்தில், ஆகஸ்டு 8-ஆம் தேதி, மக்கில்லப் அம்மையாரின் திருநாள். நான்காம் பருவம் கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தோடு முடிவுறுகிறது.

இவை ஆண்டுதோறும் வருபவை. மூன்றாம், நான்காம் வகுப்பினருக்கு மட்டும் உரியது மற்றொன்று உண்டு. பெரும்பாலான இடங்களில் இவ்வயதிலேதான் கத்தோலிக்கக் குழந்தை முதன்முறை பாவசங்கீர்த்தனம் செய்கிறது. அதன் பின்னர் புதுநன்மை வாங்குகிறது. முற்காலத்தில் பத்து, பன்னிரண்டு வயது கடந்தே புதுநன்மை கொடுப்பது பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. 1910-இல் பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் இதை மாற்றினார். குழந்தைக்கு நன்மை தீமை பகுத்தறியும் வயது ஏறக்குறைய ஏழு. அதற்கு மேல் காக்க வைத்தல் தகாது என்று அவர் விதித்தார்.

அந்தக் குழந்தைக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து அங்கங்கள் உண்டென்பது பழைய ஞானோபதேச மரபு. முதலில் ஆத்தும சோதனை, அஃதாவது தான் செய்ததைத் தானே எண்ணிப் பார்த்தல். அடுத்து மனஸ்தாபம். மூன்றாவது, இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை. நான்காவது, வாய் திறந்து சொல்லுதல். ஐந்தாவது, பரிகாரம். தம்பியின் பென்சிலை எடுத்துக்கொண்ட சிறுமி, அதை எடுத்ததற்காக வருந்தினால் மட்டும் போதாது; எடுத்தேன் என்று சொல்ல வேண்டும்; சொன்னால் மட்டும் போதாது; பென்சிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாத குழந்தை எதுவும் இல்லை. பெரியவர்களுக்குத்தான் இது விளங்குவதில்லை.

1788

இனி, சரித்திரப் பாடம். நான்காம் வகுப்புக் குழந்தை கற்கும் முக்கிய விஷயம், 1788-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கியது. அமெரிக்கக் குடியேற்றங்கள் கைவிட்டுப் போனபின், தம் சிறைகளில் நிரம்பிய கைதிகளை அனுப்ப வேறிடம் தேடிய பிரிட்டிஷ் சர்க்கார், ஆர்தர் பிலிப் தலைமையில் 11 கப்பல்களை அனுப்பியது. அவை 1788 ஜனவரியில் வந்து சேர்ந்தன. 26-ஆம் தேதி சிட்னித் துறையிலே கொடி ஏற்றப்பட்டது. அந்த மண்ணில் அதற்கு முன் 50,000 ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வாழ்ந்துவந்தனர். 250-க்கு மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. மறு ஆண்டே, 1789-இல், பெரியம்மை பரவிச் சிட்னியைச் சுற்றியிருந்த பழங்குடியினரில் மிகப் பலரை மாய்த்தது. பின்னர் நிலம் போயிற்று. நிலத்தோடு மொழிகளும் போயின.

நெடுங்காலமாக அந்நாட்டுப் பள்ளிகளில் இக்கதை மாலுமிகளின் தீரத்தில் தொடங்கிக் குடியேறியவரின் உழைப்பில் முடிந்தது. இன்றைய பாடத்திட்டம் அவ்வாறன்று. முதற்குடிகளின் பன்மையையும், அவர்கள் நிலத்தோடு கொண்ட இடையறாத தொடர்பையும் குழந்தை முதலில் கற்கிறது. அதன் பின்னரே கப்பல்கள் வருகின்றன. அவ்வருகையை முதற்குடிகள் படையெடுப்பாகவே கண்டனர் என்பதும் ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஒளிக்காமல் சொல்லப்படுகிறது.

ஜனவரி 26 என்ற தேதியைக் கேட்டவுடன் நமது வாசகரின் நெஞ்சில் வேறொரு நினைவு எழும். 1930-இல் அத்தேதியில்தான் நம் நாட்டார் பூரண சுயராஜ்யப் பிரதிக்கினை எடுத்துக்கொண்டனர்; 1950-இல் அதே தேதியில் குடியரசு பிறந்தது. ஆஸ்திரேலியாவில் அது தேசத் திருநாள். ஆனால், குடியேற்றத்தின் 150-ஆம் ஆண்டு நிறைவாகிய 1938 ஜனவரி 26-ஆம் தேதி, வில்லியம் கூப்பர், வில்லியம் பெர்குஸன், ஜாக் பேட்டன் முதலிய பழங்குடித் தலைவர்கள் சிட்னியிலே கூடி அதைத் துக்க தினமாக அநுஷ்டித்தனர். தம் மக்களுக்குச் சமமான பிரஜாவுரிமை கேட்டனர். அந்த 1938-இல், அதே நாளில், நம் ஊர்களில் மூவர்ணக் கொடி ஏற்றிச் சுதந்திர தினம் கொண்டாடியவர்கள் அநேகர். ஒரே ஏகாதிபத்தியத்தின் கீழ் அந்த ஒரு தேதி இருவகை மக்களுக்கு இருவகையாக வந்து சேர்ந்தது.

ஒரே சொல்

அந்தப் பருவக் கடிதத்தில் நம் கண்ணில் படுவது இதுவே. பாவசங்கீர்த்தனத்துக்கு இன்று திருச்சபை வழங்கும் பெயர் ஒப்புரவு. ஆண்டுதோறும் மே 27 முதல் ஜூன் 3 வரை அத்தேசம் அநுஷ்டிக்கும் வாரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். மே 27, பழங்குடியினரைப் பற்றிய அரசியல் சட்ட விதிகளை மாற்ற 1967-இல் ஜனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் சம்மதித்த நாள். ஜூன் 3, அந்நிலம் எவருக்கும் உரிமையற்றதாய் இருந்தது என்ற பழைய சட்டக் கற்பனையை 1992-இல் மாபோ வழக்கில் உயர்நீதிமன்றம் தள்ளிய நாள். இரண்டாம் பருவத்தில் அந்த வாரம் வருகிறது. ஆகவே ஒரே குழந்தை, ஒரே சொல்லைச் சமய வகுப்பில் தன் பென்சில் திருட்டுக்கும், சரித்திர வகுப்பில் தன் தேசத்தின் நிலப்பறிப்புக்கும் கற்கிறது.

குழந்தைகள் கேள்வி கேட்பவர்கள். முதல் வகையில் ஐந்து அங்கங்கள் வேண்டுமென்றால், இரண்டாம் வகையில் எத்தனை என்று ஒரு குழந்தை கேட்டால் ஆசிரியர் என்ன சொல்லுவார்?

இதற்கு ஒரு சாரார் சொல்லும் ஆட்சேபம் நாம் அறிந்ததே. 1788-இல் நடந்ததற்கு இன்றைய குழந்தை என்ன செய்யும்? அதன் தலையில் ஏன் குற்றத்தைச் சுமத்த வேண்டும்? என்பர். நியாயமான கேள்விதான். குழந்தை குற்றவாளியன்று, எந்த ஞானோபதேசமும் பிறர் பாவத்தை அறிக்கையிடச் சொல்லுவதில்லை. ஆனால் தகப்பன் விட்டுப்போன நிலத்தை ஏற்றுக்கொள்பவன், அதன் மீதுள்ள கடனையும் ஏற்றுக்கொள்கிறான் என்பது நம் நாட்டுக் குடியானவனும் அறிந்த நீதி. கடனை அடைப்பதற்கு முதலில் பத்திரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். நான்காம் வகுப்புச் சரித்திரம் அந்தப் பத்திரமே. அதைக் குழந்தைக்குக் காட்டாமல் மறைப்பது குழந்தையின்மேல் வைத்த தயவாகாது. கடனைத் தீர்க்கும் ஆற்றலை அதற்கு இல்லாமற் செய்வதாகும்.

இப்பாடத்தைக் கற்பிக்கும் திருச்சபையும் பரிசுத்தமான கையோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது தவறு. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து வளர்த்த கொடுமையைப் பற்றி 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, அக்குழந்தைகள் அடைக்கப்பட்ட இடங்களில் கிறிஸ்தவ சபைகள் நடத்திய விடுதிகளும் இருந்தன என்று எடுத்துக்காட்டியது. 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி பிரதமர் கெவின் ரட் பார்லிமெண்டிலே தேசத்தின் பேரால் மன்னிப்புக் கோரினார். குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த ராயல் கமிஷன் 2017-இல் சமர்ப்பித்த இறுதி அறிக்கை, கத்தோலிக்க ஸ்தாபனங்களின் மீது மிகக் கடுமையான உண்மைகளை வெளியிட்டது. குழந்தையிடம் ஆத்தும சோதனை கேட்கும் ஸ்தாபனம், தானும் அதைச் செய்ய வேண்டியதாயிற்று. 1986 நவம்பரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்ற இரண்டாம் ஜான் பால் பாப்பரசர், பழங்குடியினரின் பங்கைப் பெற்று மகிழ்வுடன் ஏற்கும் வரையில் ஆஸ்திரேலியத் திருச்சபை முழுமை அடையாது என்று கூறினார். அவ்வுரை இன்றும் அப்பள்ளிகளில் நினைவுகூரப்படுகிறது. நினைவுகூர்வது எளிது; அதன்படி நடப்பது வேறு.

தாய்மொழி வகுப்பு

நடந்து காட்டிய இடம் ஒன்றும் உண்டு. வட ஆஸ்திரேலியாவின் கடலோரத்தில் வடேயே என்ற ஊர் இருக்கிறது. 1935-இல் கத்தோலிக்கக் குருமார் அப்பகுதியில் ஒரு மிஷன் ஸ்தாபித்தனர். முரின்பாத்தா என்ற மொழி அங்கே வழங்குகிறது. இன்று பழங்குடி மொழிகளில் சிறு குழந்தைகள் பேசி வளரும் நிலையில் வலுவுடன் இருப்பவை பன்னிரண்டு அளவே; அவற்றுள் இதுவும் ஒன்று. 1970-களிலிருந்து அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளியில் முரின்பாத்தாவும் ஆங்கிலமுமாக இருமொழிக் கல்வி நடைபெறுகிறது. குழந்தை முதலில் தன் தாய்மொழியில் எழுத்துக் கற்கிறது. ஆங்கிலத்தின் பங்கு வகுப்புக்கு வகுப்பு உயர்கிறது. மூன்றாம், நான்காம் வகுப்புகளே ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்லும் பாலம். திவித் தீவுகளில் உள்ள கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியிலும் திவி மொழியில் இவ்வாறு கற்பிக்கப்படுகிறது.

தாய்மொழி வழியே முதற்கல்வி என்பது நமக்குப் புதிய கொள்கையன்று. ஆனால், அங்கே அதன் வழியிலுள்ள தடையைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பொதுப்பரீட்சை ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தன் மொழியில் கதை எழுதத் தெரிந்த குழந்தை, ஆங்கில எழுத்தில் இன்னும் தடுமாறும் வயதிலே அளக்கப்படுகிறது. தேசம் வெளியிடும் அட்டவணையில் அக்குழந்தை உதவி தேவைப்படும் வரிசையில் நிற்கிறது. அதற்குத் தெரிந்த மொழிக்கு அந்த அட்டவணையில் பத்தியே இல்லை. 2008-இல் முதற் பரீட்சை முடிவுகள் வெளிவந்தவுடன், வடபிரதேச சர்க்கார் தன் பள்ளிகளில் நாள்தோறும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. பல ஊர்களில் இருமொழிக் கல்வி அத்துடன் தேய்ந்தது. கப்பலும் துப்பாக்கியும் இன்றியே ஒரு மொழியை ஓர் அட்டவணை கொல்லக்கூடும் என்பதற்கு இது சாட்சி. அறிக்கையிடுதல் நான்காவது அங்கம் என்றோம், பரிகாரம் ஐந்தாவது. வடேயேயின் மூன்றாம் வகுப்பைக் காப்பது அந்த ஐந்தாவதைச் சேர்ந்தது.

தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு சொல்

இக்கடிதம் தமிழ் வீடுகளுக்கும் செல்லுகிறது. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டிலே தமிழ் பேசுவோர் 95,000 பேருக்கு மேல். தமிழகத்திலிருந்து தொழில் நிமித்தம் சென்றோரும், 1983-க்குப் பின் இலங்கையின் கலவரத்திலும் யுத்தத்திலும் வீடிழந்து சென்றோரும் அவர்களுள் அடங்குவர். கத்தோலிக்கரான தமிழரும், கட்டுப்பாடு நாடி அனுப்பும் இந்துக்களும் தம் குழந்தைகளை இப்பள்ளிகளில் சேர்க்கின்றனர். சனி, ஞாயிறுகளில் அதே குழந்தைகள் தமிழ்ப் பள்ளிக்கும் செல்கின்றனர்.

நம்மவர் வழக்கம் நமக்குத் தெரியும். கடிதம் வந்தவுடன் வாய்பாட்டையும் பரீட்சைத் தேதியையும் பார்ப்போம். மற்றதை மடித்து வைத்துவிடுவோம். அது போதாது. நிலம் பறிபோதல் இன்னதென்று யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற பாட்டிக்குத் தெரியும். மொழி பறிபோதல் இன்னதென்று, வாரம் ஒருமுறை அகரம் எழுதும் பேரப்பிள்ளையைப் பார்க்கும்போது அவளுக்குத் தெரிகிறது. பள்ளிக் கூட்டங்கள் பலவற்றில், இந்த மண்ணின் பழைய உரிமையாளர் இன்னார் என்று பெயர் சொல்லி வணங்கியே நிகழ்ச்சி தொடங்கப்படுகிறது. அந்தப் பெயர் என்ன, அவர்கள் மொழி என்ன, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டிலே குழந்தையிடம் கேட்கும் தமிழ்ப் பெற்றோர், அந்த நாட்டின் கடன் பத்திரத்தில் தம் பெயரும் சேர்ந்துவிட்டது என்பதை உணர்ந்தவராவர். வந்தேறிய நாட்டின் செல்வத்தில் பங்கு கேட்பவர், அதன் கடமையில் பங்கு வேண்டாமென்று சொல்லுதல் நேர்மையன்று.

முடிவாக ஒன்று கூறுவோம். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி, பழங்குடியினர் தம் விஷயங்களில் பார்லிமெண்டுக்கு யோசனை சொல்ல ஒரு சபையை அரசியல் சட்டத்தில் அமைக்கலாமா என்று ஜனங்களிடம் கேட்கப்பட்டது. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றனர். ஆறு மாகாணங்களுள் ஒன்றிலேனும் அது நிறைவேறவில்லை. வேண்டாம் என்றவரெல்லாம் தீயவரென்று நாம் சொல்லவில்லை. அவர்கள் கூறிய காரணங்கள் பல. ஆனால், அவர்களுள் வயது முதிர்ந்தோர் பலர் தம் ஒன்பதாம் வயதில் மாலுமிகளின் கதையை மட்டுமே கேட்டு வளர்ந்தவர் என்பதை மறக்கலாகாது.

அந்த ஆண்டில் மூன்றாம் வகுப்பிலே 4-ஆம் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்த குழந்தைக்கு 2033-ஆம் ஆண்டளவில் வாக்குரிமை வந்துவிடும். அத்தேசத்தில் வாக்களிப்பது கட்டாயம். கேள்வி மறுபடியும் வரும். இதே உருவில் இல்லாவிடினும் வேறு உருவில் வரும். அப்போது அக்குழந்தை எதை நினைத்துக்கொள்ளும்? பெருக்கல் வாய்பாடு உதவாது. நீர்ச்சுழற்சி உதவாது. எடுத்ததை எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், சொன்னபின் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எட்டு வயதில் கற்ற பாடம் ஒன்றே உதவும். அதைப் பென்சிலோடு நிறுத்திவிடாமல் நிலம் வரையில் கொண்டுசெல்ல அந்த வகுப்பு ஆசிரியருக்குத் துணிவு இருந்ததா என்பதைப் பொறுத்தே அந்தத் தேசத்தின் ஒப்புரவு அமையும்.